வாசல்வரை வந்தும் வீட்டுக்குள் நுழையாத யூ: இதில் என்ன பெருமை?

கேள்வி (வியாசர்பாடி):
மழை விடுமுறையில் மகளுக்கு, பெருவெள்ளத்தை அடக்கிய பழங்காலச் சீனத்து யூவின் கதையைச் சொன்னேன். அவனுடைய அப்பா கூன், கரை எழுப்பி வெள்ளத்தை அடைக்க ஒன்பது ஆண்டுகள் முயன்று தோற்றார். மகனோ வாய்க்கால் வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு வடித்தான். 13 ஆண்டு வேலை. மூன்று முறை சொந்த வாசலைக் கடந்தும், உள்ளே கைக்குழந்தை அழுதும், நுழையவில்லை. "அந்தப் பாப்பா பாவம் இல்லையா அப்பா?" என்றாள். பதில் தெரியாமல் தோசையைத் திருப்பிப் போட்டேன்.

பதில் (எண்ணூர்):
ஊர் வேலைக்குப் பிறகுதான் வீடு என்கிற கணக்கு அது. எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றபோது மோட்டார் வைத்து இறைத்த பையன் இரண்டு நாள் வீட்டுக்கே போகவில்லை. அவன் வீட்டிலும் தண்ணீர்தான்.

பதில் (காசிமேடு):
ஆண்கள் எல்லாரும் யூவையே பேசுங்கள். அவன் மனைவி, தூஷான் ஊர்ப் பெண், வழி பார்த்துப் பாடியதாக ஒரே ஒரு வரிப் பாட்டு உண்டு: "அவருக்காகக் காத்திருக்கிறேன்." விசைப்படகில் போனவர் கரை திரும்பும்வரை விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருப்பவளுக்கு அந்த ஒரு வரி போதும்.

கேட்டவர்:
இதை மகளிடம் சொல்கிறேன். இன்னொன்று: தகுதி பார்த்து யூவுக்கு ஆட்சியைக் கொடுத்தவர் முந்தைய மன்னர் ஷுன். யூவுக்குப் பின் அரியணை ஏறியதோ அந்த அழுத குழந்தைதான்; அவன் பெயர் சீ. சீனத்தில் வாரிசு ஆட்சி அங்கேதான் தொடங்குகிறது!