மறுசுழற்சி நூலில் பிராண்டுக்கு சாக்ஸ்: "100 சதவீதம்" என்று சொல்லும் ஆலையை நம்பலாமா?

புதுப்பாதம்:
வணக்கம். சிறிய பிராண்ட் ஒன்றுக்கு மறுசுழற்சிப் பஞ்சில் க்ரூ சாக்ஸ் (கெண்டைக்கால் வரை வருவது) செய்ய வேண்டும். 3 டிசைன், 2 சைஸ், டிசைனுக்கு 500 ஜோடி. லோகோ பின்னலிலேயே வர வேண்டும், பிரிண்ட் வேண்டாம். இரண்டு ஆலைகளிடம் கேட்டதில் ஒன்று "100 சதவீதம் மறுசுழற்சி, ஜிஆர்எஸ் (குளோபல் ரீசைக்கிள்ட் ஸ்டாண்டர்ட்) சான்றிதழ் உண்டு" என்கிறது. மற்றது "70 சதவீதம்தான் முடியும், ஆர்சிஎஸ் (ரீசைக்கிள்ட் கிளெய்ம் ஸ்டாண்டர்ட்) சான்றிதழ் தருகிறோம்" என்கிறது. முதல் ஆலைக்கே கொடுத்துவிடலாமா? முன்பணம் கட்டுவதற்குள் என்னென்ன கேட்க வேண்டும்?

ஊசிமுனை:
பொறுங்க. 70 என்று சொன்ன ஆலைதான் கணக்குத் தெரிந்து பேசுகிறது.

சாக்ஸ் காலில் நிற்க எலாஸ்டேன் என்ற இழுபடும் இழை வேண்டும், மேல்பட்டைக்கு ரப்பர் இழை வேண்டும், குதிகாலும் விரல் பகுதியும் தேயாமலிருக்க நைலான் வேண்டும். இவை பெரும்பாலும் புது இழைகள். "100 சதவீதம்" என்பது அநேகமாக முதன்மை நூலை மட்டும் சொல்வது. உதாரணமாக அந்த நூல் 60 சதவீதம் மறுசுழற்சிப் பஞ்சு, 40 சதவீதம் பாட்டிலிலிருந்து வந்த பாலியஸ்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூல் 100தான். ஆனால் சாக்ஸின் எடையில் அந்த நூல் 78 சதவீதம், புது நைலான் 20, எலாஸ்டேன் 2 என்றால், மறுசுழற்சி அளவு 78. அதில் பஞ்சு 47 சதவீதம்கூட முழுதாக வராது. அதனால் முடிந்த சாக்ஸின் எடையில் எந்த இழை எத்தனை சதவீதம், அதில் எது மறுசுழற்சி என்று எழுத்தில் கேளுங்கள். சான்று பெற்ற மறுசுழற்சி நைலானும் சந்தையில் கிடைக்கிறது. அதைப் போட்டால் மறுசுழற்சி சதவீதம் நியாயமாகவே ஏறும்.

முழுக்க மறுசுழற்சிப் பஞ்சே வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். துணியைக் கிழித்துப் பஞ்சாக்கும்போது இழை அறுந்து குட்டையாகிவிடும். குட்டை இழையில் மெல்லிய நூல் நிற்காது, அதனால்தான் இது பெரும்பாலும் ஓப்பன் எண்ட் முறையில் (குட்டை இழைக்கும் ஒத்துவரும் நூற்பு முறை), புதுப் பஞ்சோ பாலியஸ்டரோ கலந்து நூற்கப்படுகிறது. 144 ஊசி மெஷினில் 20 கவுண்ட் அளவு நூல் பிரச்சினையில்லாமல் ஓடும் (ஊசி கூடினால் பின்னல் மெல்லியதாகும், கவுண்ட் கூடினால் நூல் மெல்லியதாகும்). 200 ஊசியில் மெல்லிய சாக்ஸ் கேட்டால் நூல் அறுந்து ஓட்டை விழும், கண்ணி, அதாவது பின்னலின் வளையம், நழுவும். கட்டிங் வேஸ்டில் எலாஸ்டேன் துணி கலந்திருந்தால் நூலில் முடிச்சு முடிச்சாக வரும், அது ஊசியையும் உடைக்கும்.

பளிச்சென்ற வெள்ளையையும் மறந்துவிடுங்கள். சாம்பல், மணல் மாதிரி மெலாஞ்ச் நிறங்கள்தான் (பல நிற இழை கலந்த தோற்றம்) இந்த நூலுக்கு இயல்பாக வரும். லாட்டுக்கு லாட், அதாவது ஒவ்வொரு முறை தயாராகும் தொகுதிக்கும், நிறம் கொஞ்சம் மாறும். ஆகவே ஒரே ஒரு நிறத்துண்டில் கையெழுத்துப் போடாமல், மிக வெளிர், சரியானது, மிக அடர் என்று மூன்று துண்டுகளை அங்கீகரித்து எல்லை வையுங்கள். ஜோடியின் இரண்டு சாக்ஸும் ஒரே லாட் நூல் கோனிலிருந்து வர வேண்டும் என்பதையும் ஆர்டரில் எழுதுங்கள்.

கோன்கணக்கு:
சான்றிதழ் பற்றி மட்டும். ஜிஆர்எஸ், ஆர்சிஎஸ் இரண்டையும் நடத்துவது டெக்ஸ்டைல் எக்ஸ்சேஞ்ச் என்ற அமைப்பு. ஆர்சிஎஸ்ஸுக்கு 5 சதவீதம் மறுசுழற்சி இருந்தாலே போதும். ஜிஆர்எஸ் 20 சதவீதத்தில் தொடங்கும், ஆனால் சில்லறைப் பொருளில் அந்த லோகோ போட 50 சதவீதம் வேண்டும். ஜிஆர்எஸ்ஸில் ரசாயனம், கழிவுநீர், தொழிலாளர் நலன் தொடர்பான நிபந்தனைகளும் உண்டு, ஆர்சிஎஸ்ஸில் இவை கிடையாது. மற்றபடி ஆர்சிஎஸ் என்பதாலேயே மறுசுழற்சி அளவு குறைவு என்று பொருளில்லை.

ஆலை காட்டும் ஸ்கோப் சான்றிதழ் (ஆலைக்கான தகுதிச் சான்று) யார் பெயரில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். நூற்பாலையின் சான்றிதழைக் காட்டிவிட்டு "எங்களிடம் ஜிஆர்எஸ் இருக்கிறது" என்பது வாடிக்கையான தந்திரம். சாக்ஸ் பின்னும் ஆலையின் பெயரிலேயே இருக்க வேண்டும், சாக்ஸும் உங்கள் இழைக் கலவையும் அதன் பொருள் பட்டியலில் இருக்க வேண்டும், தேதி தாண்டியிருக்கக் கூடாது. அது ஓராண்டுக்குத்தான் செல்லும். இடைத்தரகர் சரக்கை வாங்கி விற்பவராக இருந்தால் அவருக்கும் சான்று தேவையா என்று சான்றளிக்கும் நிறுவனத்திடமே கேளுங்கள்.

ஸ்கோப் சான்றிதழ் என்பது "செய்யத் தகுதி உண்டு" என்று மட்டுமே சொல்லும். உங்கள் சரக்குக்கு அத்தாட்சி டிசி, அதாவது பரிவர்த்தனைச் சான்றிதழ். டிசி கட்டணம் யாருடையது, சரக்கு கிளம்பி எத்தனை நாளில் தருவார்கள் என்பதை ஆர்டரிலேயே எழுதி, கடைசித் தவணையை அது வரும்வரை நிறுத்திவையுங்கள். லேபிளில் ஜிஆர்எஸ் லோகோ வரவேண்டுமென்றால் அச்சுக்கு முன்பே சான்றளிக்கும் நிறுவனம் அந்த டிசைனுக்கு ஒப்புதல் தர வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்பதானால், 2026 செப்டம்பர் 27 முதல் ஆதாரமில்லாமல் "பசுமையானது" என்று பொதுவாகப் போட முடியாது. "எடையில் 70 சதவீதம் மறுசுழற்சி இழை" மாதிரி குறிப்பாக எழுதிப் பழகுங்கள்.

புதுப்பாதம்:
நன்றி, கண் திறந்தது. இன்னும் இரண்டு சந்தேகம். நிறத்துக்கு 1,000 ஜோடியாவது வேண்டும் என்கிறார்கள், ஏன்? லோகோ ஃபைலை அப்படியே அனுப்பினால் போதுமா?

தறிநிழல்:
அந்த 1,000க்குக் காரணம் பெரும்பாலும் சாயப்பட்டறை. மெஷினுக்கு 500 ஜோடி பெரிய விஷயமில்லை. ஜோடி 50 கிராம் என்று வைத்தால் 500 ஜோடிக்கு 25 கிலோ. அதில் பஞ்சு நூல் 70 சதவீதம், அதிலும் அடிநிறம் 80 சதவீதம் என்றால் 14 கிலோதான். அவ்வளவு சின்ன லாட்டைத் தனியாகச் சாயமேற்ற யாரும் விரும்ப மாட்டார்கள். மூன்று டிசைனுக்கும் ஒரே அடிநிறம் வைத்தால் 42 கிலோ, சேதாரம் சேர்த்து 45. பேச்சே மாறிவிடும். இதைவிடச் சுலபம், ஆலையிடம் கைவசமுள்ள மெலாஞ்ச் நிற அட்டையிலிருந்து எடுப்பது. சைஸ் இரண்டு என்பதால் நூல் கணக்கு சிக்கலாகாது, பாதத்தில் வரிசை எண்ணிக்கைதான் மாறும்.

லோகோவை அப்படியே அனுப்பாதீர்கள். 144 ஊசி என்றால் முழுச் சுற்றுக்கு 144 கண்ணி, ஒரு பக்கம் கண்ணில் படுவது 72. லோகோவை 55 கண்ணிக்குள் அடக்குங்கள். எழுத்தின் கோடு 2 கண்ணிக்குக் குறைந்தால் காலில் ஏறியதும் விரிந்து மறையும். கண்ணி உயரத்தைவிட அகலமாக இருக்கும் என்பதால் சதுரக் கட்டத்தில் வரைந்த வட்டம் நசுங்கித் தெரியும். கால் அச்சில் மாட்டி எடுத்த படம் கேளுங்கள். ஒரே வரிசையில் நிறம் கூடக்கூட உள்பக்கம் தொங்கும் இழையும் கூடும், போடும்போது விரல் மாட்டும். அடிநிறம் போக இரண்டு நிறம் போதும்.

ஊசிமுனை:
சாம்பிள் விஷயத்தில் ஒன்று சேர்க்கிறேன். முதல் சாம்பிளைக் கையில் கிடைத்த நூலில் பின்னி அனுப்புவார்கள், வடிவம் பார்க்க மட்டும் அது போதும். நீங்கள் கையெழுத்திட வேண்டியது பல்க் லாட், அதாவது முழு ஆர்டருக்கான, நூலில் பின்னிய சாம்பிளில். போர்டிங்கில் நீராவி கொடுத்து அச்சில் இழுத்துவைத்த சாக்ஸ் அளவுக்குச் சரியாகத்தான் இருக்கும், சுருக்கம் முதல் சலவையில்தான் தெரியும். 40 டிகிரியில் 5 முறை துவைத்து, பாத நீளம், கால் நீளம், மேல்பட்டை விரியும் அளவு மூன்றையும் எடுங்கள். ஆய்வகத்துக்கு அனுப்பினால் தேய்மானத்துக்கு இஎன் 13770, உருண்டை எழுவதற்கு ஐஎஸ்ஓ 12945-2, சலவையில் சாயம் போவதற்கு ஐஎஸ்ஓ 105-சி06. பணம் ஒரே சோதனைக்குத்தான் என்றால் தேய்மானம். குட்டை இழை முதலில் தோற்பது குதிகாலில்தான். அங்கே கூடுதல் நைலான் இழை ஓடுகிறதா என்று சாக்ஸை உள்வெளியாகத் திருப்பிப் பார்த்தாலே தெரியும்.

தறிநிழல்:
விரல் தையலையும் அப்போதே பாருங்கள். லிங்கிங் (கண்ணிக்குக் கண்ணி கோர்த்துத் தட்டையாக மூடுவது) என்று விலை சொல்லிவிட்டு ரோசோ என்ற மேடான மெஷின் தையல் போட்டு அனுப்புவதுண்டு. ரோசோ என்றால் உள்ளே விரலால் தடவும்போது மேடு தட்டுப்படும்.