உபுண்டு 24.04: வயர்கார்ட் ஹேண்ட்ஷேக்குக்குப் பதில் வந்து சேரவில்லை

மதுரை, வீட்டு ஃபைபர் இணைப்பு. லேப்டாப்பில் உபுண்டு 24.04, கெர்னல் 6.8. சர்வர் பெங்களூரில், டெபியன் 12, யுடிபி போர்ட் 51820. இரண்டுக்கும் நடுவே வயர்கார்ட் விபிஎன் (மறையாக்கிய தனி இணைப்பு) போன செவ்வாய் இரவு வரை ஒழுங்காக ஓடியது. புதன் காலையிலிருந்து இணையவே இல்லை. இரண்டு பக்கமும் எந்த அப்டேட்டும் போடவில்லை.

வயர்கார்டின் நிலையைக் காட்டும் 'டபிள்யூஜி ஷோ' கொடுத்தால் அனுப்பியது 14.45 கிபிபைட், பெற்றது 0. லேட்டஸ்ட் ஹேண்ட்ஷேக் (இரு முனையும் கடைசியாகச் சாவி பரிமாறிய நேரம்) வரியே இல்லை. இரண்டு முனையிலும் டிசிபிடம்ப் (போய்வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் கருவி) ஓட விட்டேன். லேப்டாப் 5 விநாடிக்கு ஒருமுறை 148 பைட் அனுப்புகிறது, அது சர்வருக்குப் போய்ச் சேருகிறது. சர்வர் உடனே 92 பைட் பதில் அனுப்புகிறது. அந்தப் பதில்தான் லேப்டாப்புக்கு வருவதில்லை. சர்வர் பதில் சொல்வதால் சாவியிலோ கடிகாரத்திலோ கோளாறு இல்லை. இவ்வளவு சிறிய ஹேண்ட்ஷேக்கே முடியாததால் எம்டியூ (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) பிரச்சினையும் இல்லை.

உபுண்டுவின் ஃபயர்வாலான யுஎஃப்டபிள்யூவை நிறுத்திப் பார்த்தாயிற்று. சர்வர் போர்ட்டை 443க்கு மாற்றினேன், அதே கதை. ரவுட்டரை ஃபேக்டரி ரீசெட் செய்தும் பயனில்லை. மொபைல் ஹாட்ஸ்பாட்டில் அதே கான்ஃபிக் உடனே வேலை செய்கிறது. வீட்டு இணைப்பிலேயே வயர்கார்டை நிறுத்திவிட்டு, அதே 51820இல் 'என்சி' (நெட்கேட் கருவி) வைத்துச் சாதாரண எழுத்து அனுப்பினால் இரு பக்கமும் போய் வருகிறது. இதுதான் குழப்புகிறது. ரவுட்டரின் வேன் (WAN, வெளிப்பக்க) முகவரி 100.72இல் தொடங்குகிறது, அதாவது சிஜிநாட்டுக்கு (பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது முகவரியைப் பகிர சேவை நிறுவனம் செய்யும் ஏற்பாடு) பின்னால்.

பதிலை விழுங்குவது ரவுட்டரா, சேவை நிறுவனத்தின் நெட்வொர்க்கா என்று வேறு ரவுட்டர் இல்லாமல் எப்படி உறுதி செய்வது?