மழை, பனி நாள்ல குட்டிப் பசங்களுக்கு வீட்டுக்குள்ள கை விளையாட்டு: உங்க வீட்டு அனுபவம் சொல்லுங்க

காட்பாடி அம்மா:
வேலூர்னாலே வெளியூர்க்காரங்க வெயில் வெயில்னுதான் சொல்றாங்க, ஆனா கார்த்திகை பாதில இருந்து தை வரைக்கும் இங்க பனி எப்படி எறங்கும்னு நமக்குத்தான் தெரியும், விடியக்காலைல 18 டிகிரி பக்கம் வந்துடுது, குட்டிப் பசங்களுக்கு உடனே மூக்கு ஒழுக ஆரம்பிச்சுடும். நடுவுல புயல் வேற. 2024 நவம்பர் கடைசில ஃபெஞ்சல் வந்தப்போ வெளிய தலை நீட்ட முடியல, எல்லா வீட்லயும் பசங்க கைல போன்தான். அதனாலதான் இதைக் கேக்குறேன், என் பையன் விஷயத்தையும் கொஞ்சம் விரிவா சொல்றேன்.

அவனுக்கு இப்போ நாலு வயசு. சின்னதுல இருந்தே ஈரமா, பிசுபிசுன்னு இருக்குற எதையும் தொட மாட்டான். சாதம் பிசைஞ்சு வெச்சா அழுவான், ஒரு துளி தயிர் கைல பட்டா கூட நாம வந்து தொடைக்கிற வரைக்கும் கையை நீட்டினே நிப்பான். சொந்தக்காரங்க எல்லாம் அடம்னு சொன்னாங்க. அது அடம் இல்லீங்க, சில பசங்களுக்குத் தோல்ல படுறது நமக்குத் தெரியுறதை விட ரொம்ப அதிகமா தெரியும். ஆக்குபேஷனல் தெரபி, அதாவது பசங்களுக்கு தொடுறது, சாப்புடுறது மாதிரி அன்றாட விஷயத்தைப் பழக்குற சிகிச்சை, பாக்குற மேடம்தான் எனக்கு இதைப் புரிய வெச்சாங்க. கையைப் புடிச்சு உள்ள விடவே விடாதீங்க, மொதல்ல காஞ்ச பொருள், அப்புறம் லேசா ஈரம், கடைசிலதான் பிசுபிசுப்பு, அதையும் கரண்டில இருந்து ஆரம்பிங்க, பக்கத்துல எப்பவும் ஒரு துண்டு இருக்கட்டும், எப்ப வேணா தொடைச்சுக்கலாம்னு அவனுக்குத் தெரிஞ்சா பயம் கொறையும்னாங்க.

ஒடனே ஆன்லைன்ல சென்சரி கிட், தொட்டுத் தடவி விளையாடுற ஜாமான் செட்டு, பாத்தேன், வெலையைப் பாத்துட்டு மூடிட்டேன். எங்க ஆயா (பாட்டி) சமையல்கட்ல இருந்த ஜாமான்லயே எல்லாம் இருந்துச்சு. தாம்பாளத்துல அரிசி கொட்டி உழக்கால அள்ளி அள்ளி ஊத்துறது, முறத்துல புடைக்கிறது, அந்த சத்தம் அவனுக்கு ரொம்பப் புடிச்சுது. அப்புறம் தட்டுல கேழ்வரகு மாவு பரப்பி விரல்ல கோடு இழுக்கிறது, அ எழுதுறது. கோலமாவு குடுக்கலாம்னு நெனைக்காதீங்க, கடைல விக்கிறது பெரும்பாலும் கல்லுப் பொடி, பறந்து மூச்சுல போகும், அரிசி மாவுன்னா தேவல. மல்லாட்டை (வேர்க்கடலை) உரிக்க விட்டேன், ஓடு ஒடையுற சத்தத்துக்காகவே ஒக்காந்துனு இருப்பான்.

ஆனா ஈரத்துக்கு மட்டும் எறங்கல. அதுக்கு வழி வுட்டது பிதுக்கம்பருப்புதான். மார்கழி தைல மொச்சை வரும்போது நம்ம பக்கம் வீட்டுக்கு வீடு பிதுக்கம்பருப்புக் குழம்புதானே. ராத்திரியே மொச்சையை ஊற வெச்சு காலைல ஆயா கூடத்துல ஒக்காந்து பிதுக்கினு இருந்தாங்க, ஒரு கொட்டை வழுக்கி பொளக்குனு எகிறி இவன் மடில வந்து வுழுந்துச்சு. கத்துவான்னு நெனைச்சேன். சிரிச்சான். ஆயா ஒண்ணுமே சொல்லாம இன்னொண்ணை அவன் பக்கமா எகிற வுட்டாங்க. கொஞ்ச நேரத்துல இவனே கிண்ணத்துக்குள்ள ரெண்டு விரலை வுட்டு ஒண்ணை எடுத்தான், பிதுக்கினான், துண்டுல கையைத் தொடைச்சான், மறுபடி எடுத்தான். நான் உள்ள போயி அழுதுட்டேன். அது வெறும் ஈரம் இல்ல பாருங்க, வழவழன்னு தோல் கழண்டு வரும், பெரியவங்களே சிலர் மொகம் சுளிப்பாங்க. அப்புறம் மெல்ல மெல்ல சப்பாத்தி மாவு, இப்போ சாம்பார் சாதம் கூட அவனே பிசைஞ்சு சாப்புடுறான். தயிர் சாதம் இன்னும் கரண்டிதான், அது பரவால்ல, அவசரம் ஒண்ணும் இல்ல.

குடியாத்தம் அப்பா:
படிச்சதும் எங்க வீட்டம்மாகிட்ட காட்டினேன் மேடம், அவங்களுக்கும் கண்ணு கலங்கிடுச்சு. எங்க ஊர்ல லுங்கித் தறி அதிகம், டெய்லர் கடைல துண்டுத் துணி சும்மாவே குடுப்பாங்க. பட்டு, வெல்வெட், சாக்கு, டர்க்கி டவல், லுங்கித் துணி எல்லாத்துலயும் ரெண்டு ரெண்டு சதுரம் வெட்டி ஒரு பைல போட்டுட்டேன், என் பொண்ணு கண்ணை மூடினு கையை வுட்டு ஒரே மாதிரி ஜோடியை எடுக்கணும். மழை நாள்ல கரண்ட் போனா இதுதான் எங்க வீட்ல. தோல் ஃபேக்டரி வேஸ்ட் துண்டும் ஆம்பூர் பக்கம் ஈசியா கெடைக்கும், ஆனா பதம் போட்ட கெமிக்கல் இருக்கும், வாயில வெக்கிற வயசுல வேணாம்.

அணைக்கட்டு டீச்சர்:
நான் அங்கன்வாடில இருக்கேன், ரெண்டுல இருந்து அஞ்சு வயசுப் புள்ளைங்க. மழைன்னா எல்லாரும் ஒரே ரூம்ல, அதனால இதெல்லாம் எங்களுக்கு தெனப்படி வேலை.

புள்ளைங்க வாயைப் பொளந்து பாக்குறது கலர் மாறுறதுதான். மஞ்சத்தூள் கரைச்ச தண்ணில கொஞ்சம் சோடா உப்பு போட்டா செவப்பாயிடும், எலுமிச்சை புழிஞ்சா திரும்ப மஞ்சள். சங்குப்பூ ஊற வெச்ச நீலத் தண்ணில எலுமிச்சை வுட்டா ஊதா ஆகும். சுண்ணாம்புலயும் மஞ்சள் செவக்கும், ஆனா கண்ணுல பட்டா பெரிய ஆபத்து, சின்னப் புள்ளைங்க கிட்ட எடுக்கவே எடுக்காதீங்க. அடுத்தது ரெண்டு பங்கு கார்ன்ஃப்ளாருக்கு ஒரு பங்கு தண்ணி: குத்தினா கெட்டியா இருக்கும், கையை மெதுவா வுட்டா உள்ள போயிடும். காட்பாடி மேடம் பையன் மாதிரி புள்ளைங்களுக்கு இது கடைசிப் படியா இருக்கட்டும். முடிச்சதும் சிங்க்ல ஊத்தாதீங்க, அடில கட்டிப் போயி பைப் அடைச்சுக்கும், குப்பைல போடுங்க. வெண்டைக்காய் காம்புப் பக்கம் வெட்டி கலர்ல தொட்டு வெச்சா பூ மாதிரி அச்சு வுழும். கத்தரிக்காய் எடுத்தா காம்பை நறுக்கிட்டு குடுங்க, நம்மூர் முள்ளு கத்தரிக்காய் முள்ளு கைல ஏறிடும்.

இப்போ முக்கியமானது. பல்லாங்குழிக்கும் அலங்காரத்துக்கும் செவப்பு வெதை வெச்சிருப்பீங்க. முழுசா செவப்பா இருக்குறது ஆனைக்குன்றிமணி, மஞ்சாடின்னும் சொல்வாங்க. செவப்புல கறுப்புப் பொட்டு இருந்தா குன்றிமணி, களிமண் பிள்ளையாருக்குக் கண்ணு வெக்கிறோமே அது. அதுக்குள்ள இருக்குறது கடும் வெஷம், மென்னுட்டா உயிருக்கே ஆபத்து. பிள்ளையார் சதுர்த்தி முடிஞ்சு அது எங்க உருண்டு கெடக்குதுன்னு தேடி எடுத்துடுங்க. தண்ணில போட்டா பெருசாகுற கலர் உருண்டையும் வேணவே வேணாம், முழுங்கினா வயித்துக்குள்ள போயி ஊதி குடலை அடைச்சுக்கும், 2023-ல அமெரிக்காவுல பெரிய கடைங்களே கொழந்தைங்களுக்குன்னு அதை விக்கிறதை நிறுத்திட்டாங்க. மொச்சை, பட்டாணி, மல்லாட்டை எல்லாமே நல்லதுதான், ஆனா சின்னதுங்க மூக்குல போட்டுக்கும், தொண்டைலயும் சிக்கும், மூணு வயசுக்குக் கீழ இருந்தா இதெல்லாம் தள்ளி வெச்சுடுங்க, அதுக்கு மேலன்னாலும் பக்கத்துலயே ஒக்காந்து பாருங்க, ஃபோன் வந்தா கிண்ணத்தைக் கையோட எடுத்துனு போங்க.

ராணிப்பேட்டை:
டீச்சர், என் பாப்பாவுக்கு ஒரு வயசுதான் ஆவுது, எது குடுத்தாலும் நேரா வாய்க்குத்தான் போவுது. அவளுக்கு ஏதாவது இருக்குதா? உப்பு போட்டு மைதா மாவு பெசைஞ்சு குடுக்கலாம்னு அக்கா சொல்றாங்க.

அணைக்கட்டு டீச்சர்:
வேணாம்மா. அதுல உப்பு ரொம்ப அதிகம், ஒரு வயசுப் புள்ளை கொஞ்சம் தின்னாலே ஒத்துக்காது, பச்சை மாவும் வயித்துக்கு ஆகாது. வாய்க்குப் போனாலும் பரவால்லன்னு இருக்குறதை மட்டும் குடு. கேழ்வரகுக் கூழ் கெட்டியாக் கிண்டி நல்லா ஆற வெச்சு தட்டுல ஊத்திடு, தடவட்டும், அடிக்கட்டும், நக்கட்டும். வேக வெச்சு மசிச்ச பூசணியும் நல்லாருக்கும், மஞ்சக் கலரு வேற. பகல்ல பதினோரு மணிக்கு மேல வெய்யில் வந்தப்புறம் பண்ணு, சட்டையைக் கழட்டிட்டு ஒக்கார வெக்கணுமே, காலைப் பனில வேணாம். கழுவுறதுக்கு வெதுவெதுன்னு தண்ணி முன்னாடியே எடுத்து வெச்சுக்கோ. அடில பழைய பெட்ஷீட் போட்டுடு, கூழ் காஞ்சு தரைல ஒட்டிச்சுன்னா ஊற வெச்சுத்தான் தேய்க்கணும்.