ஃபோராமினிஃபெராவுக்குப் பெயர் கண்டுபிடித்த கதைகள்: உங்கள் அனுபவம்?

காரைக்காட்டு வாசி:
ஃபோராமினிஃபெரா, சுருக்கமாக ஃபோராம், என்பது ஓடு கட்டிக்கொள்ளும் நுண்ணிய கடல் உயிரி. அதன் புதைபடிவங்களை இனம் பிரிப்பது பற்றி எம்.எஸ்சி. மாணவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். சரி, நானே தொடங்குகிறேன்.

என் மாதிரிகள் பெரம்பலூர் மாவட்டத்துக் காரை களிமண்ணிலிருந்து வந்தவை. மழை அரித்துப்போட்ட வெற்று நிலம் அது. நடக்கும் இடமெல்லாம் ஜிப்சமும் பெலம்னைட் (அழிந்துபோன கணவாய் வகை) துண்டுகளும் கிடக்கும். களிமண்ணைக் காயவைத்து, சலவைச் சோடா கலந்த தண்ணீரில் ஊறப்போட்டு, 63 மைக்ரான் சல்லடையில் அலசுவோம். ஒரு மாதிரி முடிந்து அடுத்ததைத் தொடும் முன் சல்லடையை மெத்திலீன் நீலத்தில் முக்கி எடுப்பது கட்டாயம். பழைய மாதிரியின் ஓடு கண்ணியில் சிக்கியிருந்தால், நீல நிறமே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். இதைச் சோம்பல்பட்டு விடுபவர்களின் இனப் பட்டியலை நான் நம்புவதில்லை.

ஓட்டின் சுவர் மணல் ஒட்டியதா, பீங்கான் போன்றதா, கண்ணாடி போன்றதா என்பதுதான் முதல் கேள்வி. அது சுலபம். அறைகள் எப்படி அடுக்கியிருக்கின்றன, வாய்த்துளை எங்கே இருக்கிறது என்பதில்தான் தலைவலி ஆரம்பம். எனக்கு வாய்த்தது ஓரத்தில் ஒற்றை விளிம்புக்கட்டு, அதாவது மேடான வரம்பு, கொண்ட ஒரு மிதவை வகை (கடல்நீரில் மிதந்து வாழ்ந்தது). ரோட்டாலிபோரா என்ற பேரினமா, ப்ரீகுளோபோட்ரன்கானா என்ற பேரினமா? ரோட்டாலிபோரா என்றால் தொப்புள் (சுருளின் நடுக்குழி) பக்கத்து அறைக் கோடுகளை ஒட்டித் துணைத் துளைகள் இருக்க வேண்டும். அந்த இடம் முழுக்கக் களிமண் அடைத்திருந்தது.

வழிகாட்டியிடம் காட்டினேன். கண்ணை நுண்ணோக்கியில் வைத்தவர் பெயர் எதுவும் சொல்லவில்லை. "முதல்ல தொப்புளைச் சுத்தம் பண்ணிட்டு வாப்பா, அப்புறம் பேசலாம்" என்றார். மெல்லிய ஊசி, ஒரு சொட்டுத் தண்ணீர், நிறையப் பொறுமை. சில ஓடுகள் உடைந்தன. தப்பியவற்றில் துளைகள் வரிசையாகத் தெரிந்தன. ரோட்டாலிபோராதான். அது முக்கியம், ஏனென்றால் ரோட்டாலிபோரா குஷ்மனி என்ற இனம், டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸின் ஒரு பகுதியான செனோமேனியன் காலத்தின் இறுதிக்குச் சற்று முன்பே மறைந்துவிடுகிறது. பெயர் மாறினால் அடுக்கின் வயதும் மாறும்.

இன்னொன்று. ஒற்றை ஓட்டைப் பார்த்துப் பெயர் சொல்லாதீர்கள். ஒரே மாதிரியிலிருந்து எடுத்தவற்றைச் சின்னது முதல் பெரியது வரை வரிசையாக வைத்துப் பாருங்கள். குட்டி ஓடுகளில் விளிம்புக்கட்டு சரியாக வளர்ந்திருக்காது, கட்டே இல்லாத ஹெட்பெர்கெல்லா பேரினம் போல ஏமாற்றும்.

மெல்வெட்டு:
அண்ணே, உங்களுக்காவது ஊசி போதும். நான் கல்லங்குறிச்சி சுண்ணாம்புக்கல்லில் லெபிடார்பிட்டாய்டஸ் என்ற பெரிய ஃபோராம் பார்த்தேன். மாஸ்ட்ரிக்டியன் காலம், அதாவது கிரெட்டேசியஸின் கடைசிப் பகுதி, அரியலூர் சிமென்ட் சுரங்கங்களில் வெட்டுகிறார்களே அதே கல். கூடவே கிடக்கும் சிடரோலைட்டஸ் முள் நீட்டிக்கொண்டு நட்சத்திரம் போல இருப்பதால் கைலென்ஸிலேயே அடையாளம் தெரியும். லெபிடார்பிட்டாய்டஸ் அப்படியில்லை. வெளியே வெறும் வட்டத் தகடு. இனத்தைத் தீர்மானிப்பது நடுவில் இருக்கும் கரு அறைகளும் அவற்றைச் சுற்றிய முதல் அறைகளும்தான். அதற்கு ஓட்டை மட்டவாக்கில் சரியாகக் கரு அறை வரை தேய்க்க வேண்டும். ஒரு இழுப்பு அதிகமானால் கரு அறை தூளோடு போய்விடும், குறைந்தால் தெரியாது. தேய்த்து, தண்ணீர் தடவிப் பார்த்து, மறுபடி தேய்த்து... பக்கத்து மேசைக்காரர் மூன்று இனங்களை எழுதி முடித்திருப்பார்.

கிணற்றடி:
நான் எண்ணெய்க் கிணற்று மாதிரிகளில் வேலை பார்த்தவன். அங்கே பெயர் தெரிந்தாலும் பிரச்சினைதான். துளைபோடும்போது மேலடுக்குத் துகள்கள் சரிந்து கீழடுக்குத் துகள்களோடு கலந்து வரும். அதனால் ஒரு இனம் எந்த ஆழம் வரை கிடைக்கிறது என்பதை நம்ப மாட்டோம். மேலிருந்து இறங்கும்போது முதன்முதலில் எங்கே தலைகாட்டுகிறது என்பதே கணக்கு, அதாவது அந்த இனம் அழிந்த மட்டம். இரவு இரண்டு மணிக்குத் துளைப்பொறியாளர் "சார், கிரெட்டேசியஸ் தொட்டாச்சா?" என்று கேட்டு நிற்பார். குளோபோட்ரன்கானா என்ற ஃபோராமின் இரட்டை விளிம்புக்கட்டைப் பார்த்ததும் "தொட்டாச்சு" என்று சொல்லலாம். அது கிரெட்டேசியஸ் முடிவைத் தாண்டவில்லை. பழைய பாறை அரிபட்டு மேலே வந்து படிந்திருக்கவும் வாய்ப்புண்டு என்பதால் ஒரே ஒரு ஃபோராம் ஓட்டை வைத்துச் சொல்ல மாட்டேன், கூட்டமாக வரட்டும் என்று காத்திருப்பேன்.

கட்ச் போனவள்:
காசு வடிவ ஃபோராமான நும்முலைட்டஸ் பற்றி யாரும் பேசவில்லையே! கட்ச்சின் ஃபுல்ரா சுண்ணாம்புக்கல் மேல் நடந்தால் காலடியில் காசு காசாக உருளும். மத்திய இயோசீன், டைனோசர்கள் அழிந்த பிறகான காலம். ஒரே அடுக்கில் பெரிய தட்டுகளும் சின்னப் பொட்டுகளும் கலந்து கிடந்தன. வெட்டிப் பார்த்தால் பெரிய தட்டின் நடு அறை கண்ணுக்கே சிக்காத அளவு சின்னது, சின்னப் பொட்டின் நடு அறையோ பெரிது. ஒரே இனத்தின் இரண்டு தலைமுறைகள், ஒன்று பாலினச் சேர்க்கையால் வந்தது, மற்றது அது இல்லாமல் வந்தது. 19-ஆம் நூற்றாண்டில் இப்படிப்பட்ட இணைகளுக்குத் தனித்தனி இனப்பெயர் வைத்துவிட்டார்கள். அதையும் குறை சொல்ல முடியாது. 1826-இல் தோர்பிஞி என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் இந்தக் குழுவையே கணவாய் வகையறாவான தலைக்காலிகளில்தான் சேர்த்தார். ஒரு செல் உயிரி என்று துஜார்தான் என்ற பிரெஞ்சு உயிரியலாளர் காட்டியது 1835-இல்.

புது மாணவி:
நன்றி அக்கா, நன்றி சார். நான் ஒரு படம் போட்டால் இங்கே யாராவது பெயர் சொல்வீர்களா?

காரைக்காட்டு வாசி:
ஒரு படம் போதாதும்மா. சுருள் பக்கம், தொப்புள் பக்கம், ஓரம் என மூன்றும் வேண்டும், அளவுகோலோடு. ஓட்டை லேசாக ஈரப்படுத்தி எடு, அறைக் கோடுகள் தெளியும். எந்த அடுக்கு, கூட என்னென்ன கிடைத்தன என்றும் எழுது. தொப்புள் அடைத்திருந்தால் இப்போதைக்குப் பேரினத்தோடு நிறுத்தி 'எஸ்பி.' (இனம் தீர்மானிக்கவில்லை) என்று போட்டுக்கொள். ஆய்வுரையில் அப்படி எழுதுவதில் ஒரு குறையும் இல்லை.