103க்கு 102: ஆலன் குல்விக்கியின் டீம், உங்கள் அனுபவம் என்ன?

சார்லட் மாணவன்

நார்த் கரோலினா பல்கலைக்கழகத்தின் சார்லட் வளாகத்தில் எம்.எஸ். சேர்ந்தபோது, எங்கள் ரேஸ் கார் ஆய்வகத்துக்கு ‘ஆலன் டி. குல்விக்கி’ என்று பெயர் இருந்தது. யாரோ பணக்கார முதலாளி, காசு கொடுத்துப் பெயர் போட்டுக்கொண்டார் என்று முதல் செமஸ்டர் முழுக்க நினைத்திருந்தேன்.

அந்த நினைப்பு ஒரு சனிக்கிழமை காலையில் போனது. பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் வீட்டு வாசலில் பழைய சாமான்களைப் பரப்பி விற்றுக்கொண்டிருந்தார். டார்க் ரெஞ்ச் ஒன்றை எடுத்து விலை கேட்டேன். என்ன படிக்கிறாய் என்றார். எந்த லேப் என்று சொன்னதும் ரெஞ்சைத் திரும்ப வாங்கிக் கீழே வைத்துவிட்டு, “உட்கார்” என்றார். குல்விக்கி ஒரு ரேஸ் டிரைவர் என்றார். அவர் சாம்பியன் பட்டத்துக்கு மோதிய 1992 நவம்பர் 15 அன்று அட்லாண்டா மைதானத்தில் பார்வையாளராக இருந்தவராம். ஒரு மணி நேரம் பேசினார். வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன், மனிதர் ஒன்றையும் மிகைப்படுத்தவில்லை.

குல்விக்கி வடக்கே விஸ்கான்சின்காரர். மெக்கானிக்கல் இன்ஜினியர். அமெரிக்காவின் பெரிய கார் ரேஸ் தொடரான நாஸ்கார் அப்போது தெற்கத்திக்காரர்களின் கோட்டை. 1986இல் அவரை ஓட்டவைத்த முதலாளி பாதி சீசனில் விலகிக்கொள்ள, குல்விக்கி தானே டீம் நடத்தினார். ஒரு கார், இரண்டு இன்ஜின், முழுநேர ஆட்கள் இரண்டு பேர். முதலாளி, டிரைவர், டீம் ஆட்களை நடத்தும் குரூ சீஃப், தலைமை மெக்கானிக் எல்லாம் அவரே. அதோடு அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் பட்டத்தையும் வாங்கிவிட்டார்.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்னும் விளங்காத விஷயம். பெரிய டீம் முதலாளி ஜூனியர் ஜான்சன் 10 லட்சம் டாலர் தருகிறேன், என் டீமுக்குக் கார் ஓட்ட வா என்று கூப்பிட்டார். இவர் மாட்டேன் என்றார். அதோடு விட்டதா? இவர் பேசிக்கொண்டிருந்த ஸ்பான்சரும் ஜான்சன் பக்கம் போய்விட்டது. 1991 சீசன் தொடங்கும்போது கையில் நிலையான ஸ்பான்சர் கிடையாது. அட்லாண்டாவில் ஹூட்டர்ஸ் உணவகக்காரர்களின் கார் தகுதிச்சுற்றில் தேறவில்லை. அவர்கள் பெயர் ஒட்ட வேறு கார் தேட, முதலிடத்தில் தகுதி பெற்றிருந்த குல்விக்கி கார் வெற்றுக் காராக நின்றது. அப்படி ஒட்டிக்கொண்ட உறவுதான் கடைசி வரை.

1992 செப்டம்பரில் டோவரில் கார் மோதி, புள்ளிப்பட்டியலில் முதலாமவரை விட 278 பின்தங்கினார். மிச்சம் ஆறு ரேஸ். கடைசி ரேஸான அட்லாண்டாவுக்கு வரும்போது டேவி ஆலிசன் முன்னால், 30 புள்ளி பின்னால் இவர், இவருக்கு 10 பின்னால் பில் எலியட். ரேஸ் நடுவே ஆலிசன் விபத்தில் சிக்கினார். மிச்சம் இரண்டு பேர்.

பெரியவர் இந்த இடத்தில் கார்ட்போர்டு பெட்டியின் மூடியில் பென்சிலால் கணக்குப் போட்டுக் காட்டினார். ஜெயித்தால் 175, இரண்டாமிடம் 170. ஒரு சுற்றாவது முன்னிலை வகித்தால் 5. அதிகச் சுற்று முன்னிலை வகித்தவருக்கு இன்னொரு 5. ரேஸை எலியட் ஜெயித்தார், மொத்தம் 180. இரண்டாவதாக வந்த குல்விக்கிக்கும் 180, ஏனென்றால் முன்னிலைச் சுற்றுகள் இவருக்கு 103, எலியட்டுக்கு 102. ஏற்கெனவே 10 புள்ளி முன்னால் இருந்ததால் இவர்தான் சாம்பியன். அந்த 5 புள்ளி எலியட் பக்கம் போயிருந்தால் இருவரும் சமம். சமமானால் அந்த ஆண்டு அதிகம் ஜெயித்தவர் சாம்பியன். எலியட் 5, இவர் 2.

அப்போது குரூ சீஃபாக இருந்த பால் ஆண்ட்ரூஸ் இதைப் பிட்டில், அதாவது ரேஸ் நடுவே கார் நின்று பெட்ரோல், டயர் மாற்றும் இடத்தில், உட்கார்ந்து எண்ணிக்கொண்டே இருந்து, எந்தச் சுற்று வரைக்கும் உள்ளே வரக்கூடாது என்று குறித்துவைத்திருக்கிறார். கடைசி நிறுத்தத்தில் டயர் மாற்றவில்லை, பெட்ரோல் மட்டும். அதுவும் முழுசாக இறங்கவில்லை. இத்தனைக்கும் முதல் பிட் நிறுத்தத்திலேயே முதல் கியர் உடைந்துவிட்டது. கியர் பெட்டிக்குள் கிடக்கும் உடைசல் வேறு பற்களைக் கடிக்காமல் இருக்க, பிட்டை விட்டு நான்காவது கியரிலேயே கிளம்ப வேண்டியிருந்தது. சிக்னலில் நின்ற பைக்கை நாலாவது கியரில் எடுத்துப் பாருங்கள், தெரியும்.

ரெஞ்சுக்கு அவர் காசு வாங்கவில்லை.

மில்வாக்கி அம்மா

தம்பி, நாங்கள் இருப்பது கிரீன்ஃபீல்டுக்குப் பக்கம், அவர் வளர்ந்த ஊர். அவர் பெயரில் இங்கே ஒரு பூங்கா இருக்கிறது, என் பையனை வாரம் இரண்டு நாள் கூட்டிப்போகிறேன். அங்கே வரும் ஒரு தாத்தாதான் சொன்னார்: 1985இல் இருந்ததையெல்லாம் விற்றுவிட்டுச் சார்லட்டுக்குக் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது, வயரிங்கில் தீப்பிடித்து இவருடைய டிரக் எரிந்துபோனதாம். டிரெய்லரை இழுக்க வண்டி இரவல் வாங்கிப் போயிருக்கிறார். எங்கள் வீட்டில் என்றால் சகுனம் சரியில்லை என்று பயணத்தையே நிறுத்தியிருப்பார்கள்.

பையன் ஒரு நாள் போட்டோவைப் பார்த்துவிட்டு, “அம்மா, கார் பெயரைத் தப்பா எழுதியிருக்காங்க” என்றான். தப்பில்லை. ஃபோர்டு தண்டர்பேர்டில் முதல் இரண்டு எழுத்தை எடுத்துவிட்டு, கடைசி ரேஸுக்கு ‘அண்டர்பேர்ட்’ ஆக்கிக்கொண்டார். ஜெயிக்கமாட்டான் என்று எல்லோரும் நினைக்கிற ஆளை அண்டர்டாக் என்பார்களே, அந்த விளையாட்டு. அதற்கும் ஃபோர்டிடமும் நாஸ்காரிடமும் முறையாக அனுமதி வாங்கியிருக்கிறார்!

ஸ்பேனர் செட்

எல்லோரும் உருகுகிறீர்கள், நான் கொஞ்சம் கசப்பாகச் சொல்கிறேன். இந்தப் பக்கம் ஒரு சின்ன டீமில் இரண்டு சீசன் கூலி வேலை பார்த்தவன் நான். பெயர் வேண்டாம். பெரிய டீம் ஓட்டிக் கழித்த டயரை ரேஸ் முடிந்த ராத்திரி போய் வாங்கி வருவது என் வேலை. ரப்பர் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து இன்னும் எத்தனை சுற்று தாங்கும் என்று சொல்லவேண்டும். சம்பளம் இரண்டு வாரம் தள்ளித்தான் வரும்.

குல்விக்கியிடம் வேலை பார்ப்பதும் லேசில்லை. எதிலும் திருப்தி வராத மனிதர், ஆட்கள் நிற்பதில்லை என்று எல்லோரும் எழுதிவைத்திருக்கிறார்கள். பத்து லட்சத்தை வேண்டாம் என்றதைப் பெருமையாகச் சொல்கிறோம். அந்த முடிவின் சுமையில் பாதி நட்டு முடுக்கியவன் தலையிலும்தானே விழுந்திருக்கும்?

சார்லட் மாணவன்

அண்ணே, நியாயமான கேள்வி. அதே பெரியவரிடம் இதைக் கேட்டேன். பதிலுக்கு 1988 ஃபீனிக்ஸ் கதையைச் சொன்னார். முதல் வெற்றி. ஜெயித்ததும் காரைத் திருப்பி மைதானத்தை எதிர்த்திசையில் சுற்றினார் குல்விக்கி. அப்படிச் சுற்றினால்தான் டிரைவர் ஜன்னல் கூட்டத்தின் பக்கம் இருக்கும், கை காட்டலாம். போலந்து வம்சாவளி என்பதால் ‘போலிஷ் வெற்றிச் சுற்று’ என்று பெயரே வந்துவிட்டது. உங்கள் கேள்விக்கு இது பதிலா என்றால், இல்லை.

1993 ஏப்ரல் 1 அன்று பிரிஸ்டல் ரேஸுக்குப் போகும் வழியில் ஸ்பான்சரின் சின்ன விமானம் டென்னசியில் விழுந்தது. உள்ளே இருந்த நான்கு பேருமே இறந்துபோனார்கள். அவருக்கு வயது 38. சாம்பியனாகி ஐந்து மாதம்கூட ஆகவில்லை. மறுநாள் காலை மழை. டீமின் கார் ஏற்றும் லாரி, முகப்பில் கறுப்பு மலர்வளையம் கட்டி, பிரிஸ்டல் மைதானத்தை மெதுவாகச் சுற்றிவிட்டு வெளியேறியது. மற்ற டீம்காரர்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த ரேஸை ஜெயித்த ரஸ்டி வாலஸ் எதிர்த்திசையில் சுற்றினார்.

டீமை அந்த ஆண்டே ஜெஃப் போடைன் என்ற டிரைவர் வாங்கிக்கொண்டார்.

மில்வாக்கி அம்மா, பூங்காவில் இருக்கும் அந்த அண்டர்பேர்ட் போட்டோ முடிந்தால் இங்கே போடுங்களேன். லேபில் ஒட்டலாம்.