மனந்திரும்பினவர்களை நேரில் கண்ட அனுபவம் உண்டா? எழுதுங்கள்

பாளையங்கோட்டையிலிருந்து:

லெந்து காலம் என்கிற தவக்காலம் தொடங்கிவிட்டது. வெள்ளிக்கிழமைதோறும் கூட்டம், முழங்கால்படியிட்டு ஜெபம், கண்ணீர் எல்லாம் இருக்கிறது. ஆனால் எனக்குப் பல வருடமாக ஒரு ஆதங்கம். அழுதவர்கள் எழுந்து எங்கே போனார்கள் என்று நாம் பேசுவதே இல்லை. சாட்சி சொல்லும்போதும் "ஆண்டவர் என் பெருமையை உடைத்தார்" என்பதோடு முடித்துவிடுகிறோம். உடைந்த பிறகு அவர் யார் வீட்டு வாசலில் போய் நின்றார்? எதைத் திருப்பிக் கொடுத்தார்? எனக்கு அதைக் கேட்க வேண்டும்.

நம் சீமைக்கு இது புதிதும் இல்லை. 1860-இல் அருளப்பன் ஊழியம் செய்த கிறிஸ்தியான்பேட்டையில் எழுப்புதல் வந்தபோது, ஜனங்கள் சபை நடுவே வாய்விட்டு அழுது பாவத்தை அறிக்கையிட்டார்கள். அந்த ஊர் அப்போது திருநெல்வேலி ஜில்லாவில்தான் இருந்தது. அந்த எழுப்புதலைப் பற்றி இன்றும் பிரசங்கங்களில் கேட்கிறோம். சரி, நான் பார்த்ததைச் சொல்லி ஆரம்பிக்கிறேன்.

திசையன்விளைக்குத் தெற்கே, செம்மண் தேரியை ஒட்டிய ஒரு கிராமம். ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் வேண்டாம். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பொதுவான கிணறு. ஒரு நாள் அண்ணன் முறை, மறுநாள் தம்பி முறை. தம்பி பிழைப்புக்காக பம்பாய் போய்விட்டார். அவர் சம்சாரம்தான் பிள்ளைகளை வைத்துக்கொண்டு முருங்கைக் காட்டைப் பார்த்தார். அவர் எனக்குச் சித்தி முறை.

அண்ணன் புது மோட்டார் போட்டார். "மோட்டார் என் காசு" என்று சொல்லி மோட்டார் ரூமைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். அவ்வளவுதான், சித்தியின் முறை என்று ஒன்று இல்லாமல் போனது. கேட்டால் "கரண்டு இல்ல", "ஃபுட்வால்வு போச்சு" என்று ஏதாவது ஒரு பதில். அவர் சபைக் கமிட்டியில் இருந்தார். ஸ்தோத்திரப் பண்டிகையில் காணிக்கைப் பொருட்களை ஏலம் விடும்போது ஒரு சேவலை யாரும் நினைக்காத விலைக்கு எடுப்பார். அவர் பெயரைச் சொல்லும்போது கூட்டம் திரும்பிப் பார்க்கும். அதே நேரத்தில் சித்தியின் முருங்கை ஒவ்வொரு மரமாகக் காய்ந்தது.

ஒரு திருவிருந்து ஞாயிறு. நான் லீவுக்குச் சித்தி வீட்டில் இருந்தேன். சின்னவனுக்குக் காய்ச்சல் என்பதால் சித்தி கோவிலுக்குப் போகவில்லை, நானும் துணைக்கு இருந்துவிட்டேன். அன்று ஐயர், அதாவது எங்கள் சபைப் போதகர், மத்தேயு 5-ஆம் அதிகாரத்திலிருந்து, பலிபீடத்தில் காணிக்கையை வைக்க வரும்போது சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்ற வசனத்தைப் பேசினாராம். அந்த அண்ணன், எனக்குப் பெரியப்பா முறை, வரிசையில் வந்து முழங்கால் போட்டவர், அப்பமும் ரசமும் வாங்காமல் எழுந்து பக்கத்து வாசல் வழியாக வெளியே போய்விட்டார். மயக்கம் என்றுதான் எல்லோரும் நினைத்திருக்கிறார்கள்.

அவர் வந்தது எங்கள் வாசலுக்கு. செருப்பைக்கூடப் போடவில்லை, பதினோரு மணி வெயிலில் செம்மண்ணில் நடந்து வந்திருக்கிறார். சித்தி சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். "உள்ள வாங்க" என்று சொல்லவில்லை. பெரியப்பா இடுப்பிலிருந்த சாவியை எடுத்துத் திண்ணையில் வைத்தார்.

"உன் பங்குத் தண்ணிய நான் எடுத்தேம்மா. மோட்டார் காசுன்னு சொன்னதெல்லாம் பொய்."

சித்தி நிமிர்ந்து பார்த்தார். "முருங்கை காஞ்ச வருசந்தான் மூத்தவ படிப்ப நிப்பாட்டுனேன் பெரியத்தான். அதுக்கு என்ன சாவி வச்சிருக்கீங்க?"

அவரிடம் பதில் இல்லை. கொஞ்ச நேரம் நின்றார், போய்விட்டார். நான் இன்றுவரை மதிப்பது அந்த நிற்றலைத்தான். "ஆனா நீயும் அன்னைக்கு", "ஆனா தம்பியும்" என்று ஒரு "ஆனா"கூட அவர் வாயில் வரவில்லை. மன்னிப்புக் கேட்கும்போது அந்த ஒரு சொல் வந்துவிட்டால், உள்ளே பெருமை இன்னும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். மறுநாள் ஐயரிடம் போய், "வரி வசூலிச்ச சகேயு அநியாயமா வாங்கினதை நாலத்தனையாகக் கொடுத்தான், நான் எவ்வளவு கொடுக்கணும்?" என்று கேட்டிருக்கிறார். ஐயர் எண்ணாகமம் 5-ஆம் அதிகாரத்தைக் காட்டினார். அபகரித்தவன் பாவத்தை அறிக்கையிட்டு, முதலையும் கொடுத்து, அதோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுக்க வேண்டும் என்பது அங்கே உள்ள கட்டளை. பெரியப்பா தன் காட்டு முருங்கை விற்ற பழைய நோட்டுகளை எடுத்து, சித்தி காட்டுக்கும் அதே விளைச்சல் என்று வைத்து வருடவாரியாகக் கணக்குப் போட்டார். தொகை பெரிது. இரண்டு மாடும் பெரியம்மாவின் ஒரு வளையலும் போயின. பெரியம்மாவுக்குக் கோபம், மகன்களுக்கு அதைவிடக் கோபம். "சாரின்னு சொல்லியாச்சுல்லா, பிறகு எதுக்கு?" என்றார்கள். அவர் கேட்கவில்லை.

பணத்தைச் சித்தி உடனே வாங்கவில்லை. மூத்தவள் நர்சிங் சேர்ந்தபோதுதான் வாங்கினார். அதுவரைக்கும் பேச்சும் கிடையாது. பெரியப்பா தன் முறை நாளிலும் முதலில் சித்தி காட்டு வாமடையைத் திறந்துவிட்டுத்தான் தன் காட்டுக்குப் பாய்ச்சினார். ஊரில் சிலர் சிரித்தார்கள்.

உங்களுக்கும் இப்படிப் பார்த்தது இருந்தால் எழுதுங்கள்.

நாசரேத்திலிருந்து:

அக்கா, நல்லா எழுதியிருக்கீங்க. ஒரு விஷயம் மட்டும். ஏலத்தில் விலை ஏற்றுகிறவர்கள் எல்லோரும் பெருமைக்காரர்கள் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் சபையில் ஒரு ஆச்சி, மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய முதல் சம்பளத்தில், தானே கொண்டுவந்து வைத்த பூசணிக்காயைத் தானே ஏலம் எடுப்பார். அது நன்றி.

ஆனால் இஸ்ரவேலின் முதல் ராஜாவான சவுலை நினைத்துப் பாருங்கள். அமலேக்கியரை ஜெயித்துவிட்டு, கர்மேலில் தனக்கு ஒரு ஜெயஸ்தம்பம் நாட்டினான். ஆண்டவர் அழிக்கச் சொன்ன ஆடு மாடுகளில் நல்லதைத் தப்பவைத்துவிட்டு, கேட்டபோது "பலியிடத்தான்" என்றான். பலியைவிடக் கீழ்ப்படிதல் உத்தமம் என்று சாமுவேல் தீர்க்கதரிசி சொன்னது அப்போதுதான். வைத்துக்கொள்ளக்கூடாததைப் பிடித்து வைத்துக்கொண்டு காணிக்கையைப் பெரிதாக்குவது அன்றைக்கே இருந்திருக்கிறது.

திருநெல்வேலி டவுனிலிருந்து:

நாசரேத் தம்பி சொன்னதைப் படித்ததும் என் அத்தை ஞாபகம்தான் வந்தது. அத்தை தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கண்டிப்பு, நேர்மை, எல்லாவற்றிலும் ஒழுங்கு. அவர் சொன்னால் தெருவே கேட்கும்.

வீட்டு வேலைக்கு வந்த அக்கா ஒருவர் சங்கிலியை எடுத்துவிட்டார் என்று, அந்த அக்கா குடியிருந்த தெருவுக்கே போய், குழாயடியில் எல்லோர் முன்னாலும் கத்திவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அந்த அக்காவை அந்தப் பக்கம் எந்த வீட்டிலும் வேலைக்குச் சேர்க்கவில்லை. பல மாதம் கழித்து வெள்ளையடிக்க பீரோவை நகர்த்தினபோது சங்கிலி சுவரோரம் கிடந்தது. அத்தை அதை எடுத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். யாரிடமும் சொல்லவில்லை. மாமாவிடம்கூட.

பிறகு அவர் செய்த நன்மைகளுக்குக் கணக்கில்லை. கோவிலுக்கு மின்விசிறி, ஏழைப் பிள்ளைகளுக்கு நோட்டு, ஆஸ்பத்திரி நோயாளிகளுக்குக் கஞ்சி. அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் போகவில்லை.

ஓய்வு பெற்ற ஆசிரியைகளோடு ஒருமுறை டோனாவூர் போனார். ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1901-இல் அங்கே வந்து, இந்துக் கோவில்களுக்கு விடப்பட்ட பிள்ளைகளை வளர்த்தவர். 1931-இல் விழுந்து அடிபட்டபின் ஏறக்குறைய 20 வருடம் படுக்கையறையிலேயே கழித்து 1951-இல் இறந்தார். தன் கல்லறைக்குக் கல் வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். அந்த இடத்தில் பறவைகளுக்கான தண்ணீர்த் தொட்டி ஒன்றுதான் இருக்கிறது. அத்தை தன் கல்லறைக்கு முன்கூட்டியே பளிங்கு எழுத்து எப்படி வர வேண்டும் என்று எழுதி வைத்திருந்தவர். திரும்பி வரும் பஸ்ஸில் யாரோடும் பேசவில்லையாம்.

அந்த வாரம் என்னைக் கூப்பிட்டுக்கொண்டு குழாயடிக்குப் போனார். காலையில் தண்ணீர் வரும் நேரம், வேண்டுமென்றே அந்த நேரம். குஷ்டரோகம் பிடித்த சீரியப் படைத்தலைவன் நாகமானைப் பற்றி வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். "பெரிய காரியம் செய்யச் சொல்லியிருந்தா செஞ்சிருப்பான். யோர்தானில முழுகுன்னு சொன்னதும் கோவம் வந்துட்டு. எனக்கும் மின்விசிறி வாங்கிக் கொடுக்க முடிஞ்சுது."

குடங்கள் வரிசையில் இருந்தன. அந்த அக்காவும் நின்றார், தலை நரைத்திருந்தது. அத்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, வகுப்பில் பேசும் குரலில் சொன்னார்: "சங்கிலி என் வீட்டிலேயே இருந்தது. இவ எடுக்கல. தெரிஞ்சும் நான் சொல்லாம இருந்தேன்."

"டீச்சர், கைய விடுங்க, எல்லாரும் பாக்காங்க."

"பாக்கட்டும். அன்னைக்கும் பாத்தாங்கல்லா."

ஒரு பெண் குடத்தை வைத்துவிட்டு அத்தையைத் திட்டினார். நல்லாவே திட்டினார். அத்தை கேட்டுக்கொண்டு நின்றார். என்னால்தான் தாங்க முடியவில்லை. வேலை போன வருடங்களுக்காக அத்தை அந்த அக்காவுக்கு மாதாமாதம் தன் பென்ஷனில் ஒரு பகுதியைக் கடைசிவரை கொடுத்தார். "உதவி" என்று யாராவது சொன்னால், "கடன்" என்று திருத்துவார். பளிங்கு எழுத்துத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டார்.

ஆழ்வார்திருநகரியிலிருந்து:

நான் வைணவன், இங்கே எழுதலாமா என்று தெரியவில்லை. ஆனால் நம்மாழ்வார் பிறந்த ஊர்க்காரன். "நீர் நுமது" என்ற இரண்டையும் வேரோடு அழித்துவிட்டு இறைவனைச் சேருங்கள் என்று அவர் பாடியதைச் சின்ன வயதிலிருந்தே சேவித்து வருகிறோம். அர்த்தம் புரிந்தது ஒரு பிசான நெல் நடவின்போது.

பக்கத்து வயல்காரர் உங்கள் மார்க்கம். ஒருநாள் வந்து, வரப்பைச் செதுக்கிச் செதுக்கி எங்கள் வயலில் ஒரு முழம் எடுத்துவிட்டதாக அப்பாவிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டார். அப்பா "பாத்துக்கிடுவோம்" என்று ஒரு மாதிரி பேசி அனுப்பினார். அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. ஏனென்றால் மேற்கு வரப்பில் அப்பாவும் அதையேதான் இன்னொருவருக்குச் செய்துகொண்டிருந்தார். விடிந்ததும் மூன்று வயல்காரர்களையும் கூப்பிட்டுக் கயிறு பிடித்து அளந்தார்கள். அப்பாவுக்கு வந்ததும் போனதும் கிட்டத்தட்ட சரியாகிவிட்டது. பெருமாள் கணக்கு என்றார் அப்பா.

தூத்துக்குடியிலிருந்து:

ஐயா தாராளமாக எழுதுங்கள். எனக்கு ஒரு கேள்வி. யாருக்கு அநியாயம் செய்தோமோ அவர் இறந்துபோயிருந்தால்? எங்கள் தாத்தா ஒரு குடும்பத்தின் விளையை, அதாவது தோட்ட நிலத்தை, கடனுக்காக எழுதி வாங்கினார். கடனை அவர்கள் கட்டிய பிறகும் திருப்பிக் கொடுக்கவில்லை என்று இப்போதுதான் அப்பா சொன்னார். அந்தக் குடும்பம் ஊரைவிட்டே போய்விட்டது. ஜெபத்தில் ஒப்புக்கொடுத்துவிட்டால் போதும் என்கிறார்கள் வீட்டில்.

சாத்தான்குளத்திலிருந்து:

தம்பி, அக்கா சொன்ன எண்ணாகமம் 5-இலேயே அடுத்த வசனத்தைப் படியுங்கள். வாங்கிக்கொள்ள உறவின்முறையான் ஒருவனும் இல்லையென்றால்தான் அது கர்த்தருக்கென்று ஆசாரியனைச் சேரும். அதாவது முதலில் உறவுக்காரனைத் தேட வேண்டும். ஜெபம் தேடுவதற்குப் பதில் ஆகாது.

எங்கள் பக்கம் ஒரு பெரியவர் அப்படித் தேடினதைப் பார்த்திருக்கிறேன். அவர் அப்பா பனை விளைக்குச் சொந்தக்காரர். பனையேறி ஒருவருக்குப் பதனீர் வாரம்: ஒரு நாள் பதனீர் ஏறுகிறவருக்கு, மறுநாள் பதனீர் விளைக்காரருக்கு. அந்தப் பனையேறியின் கருப்பட்டியை இவர்களே எடை போட்டு வாங்கினார்கள், எடையில் ஏமாற்றினார்கள். அவர் கேட்டபோது, "திருட்டுப் பய, பதனியைக் களவா இறக்கி வித்துட்டு எங்களைச் சொல்றான்" என்று ஊர் முன்னால் பழியைத் திருப்பிவிட்டார்கள். அவர் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போனார்.

பெரியவர் அந்த வயதில் பழைய ஞானஸ்நான ரிஜிஸ்டரைக் கோவிலில் கேட்டு வாங்கி, பிள்ளைகளின் பெயரைக் கண்டுபிடித்து, ஊர் ஊராக விசாரித்தார். கடைசியில் பேரன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். பெரியவர் பணத்தோடு போனார். அவன் பணத்தை வாங்கிக்கொண்டான். "எங்க தாத்தா சாகும்போதும் நான் திருடலன்னுதான் சொன்னாரு. அதை அந்த ஊர்ல யாரு சொல்லுவா?" என்று மட்டும் கேட்டான்.

அடுத்த ஞாயிறு ஆராதனையில் அறிவிப்புகள் வாசிக்கும் நேரத்தில் பெரியவரே எழுந்து, தன் அப்பா பெயரையும் அந்தப் பனையேறி பெயரையும் சொல்லி, திருடியது யார் என்று வாசித்தார். சொந்த அப்பா பெயரை அப்படிச் சபையில் சொல்ல எவ்வளவு குன்ற வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். பேரன் மனைவி, பிள்ளைகளோடு வந்து பின் வரிசையில் உட்கார்ந்திருந்தான்.

உங்கள் விஷயத்தில் முதலில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள், தாத்தா எழுதி வாங்கிய பத்திரத்தில் அவர்கள் பெயரும் தகப்பன் பெயரும் இருக்கும். அந்த ஊர்க் கோவில் ரிஜிஸ்டரையும் கேளுங்கள். குடும்பம் எந்த ஊர் என்று எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். சாத்தான்குளம், உடன்குடி, மெஞ்ஞானபுரம் வட்டாரம் என்றால் விசாரிக்க எனக்கு ஆட்கள் இருக்கிறார்கள். இந்தச் சனிக்கிழமையே கேட்டுப் பார்க்கிறேன்.