310எஸ் டிரே சம்மட்டி பட்டதும் கண்ணாடி மாதிரி உடைகிறது: மெட்டீரியல் தவறா?

சம்மட்டி:
எலக்ட்ரிக் ஃபர்னஸ், உள்ளே வெறும் காற்று. டிரே 6 மி.மீ. 310எஸ் (வெப்பம் தாங்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பிளேட். இரண்டு வருஷமாக 780–820 டிகிரி செல்சியஸில் ஓட்டம், நடுவில் தொய்ந்துவிட்டது. ஷட்டவுனில் வெளியே எடுத்து, ஆறியபின் சம்மட்டியால் தட்டி நிமிர்த்தப் பார்த்தால் மூலை தெறித்து விழுந்தது. உடைந்த இடத்தில் வளைவே இல்லை. எக்ஸ்ஆர்எஃப் கன்னில் (உலோகக் கலவையை எக்ஸ்ரேயால் அளக்கும் கருவி) குரோமியம் 24.7%, நிக்கல் 19.4%. அதே பிளேட்டில் உலைக்குள் போகாத மிச்சத் துண்டு வைஸில் இரண்டாக மடிகிறது. காந்தம் ஒட்டவில்லை. சப்ளையர் ஏமாற்றிவிட்டாரா? மூலையை வெல்டு பண்ணலாமா?

உலைக்களம்:
சப்ளையர் மேல் பழி போடாதீங்க சார். மிச்சத் துண்டு மடிகிறதே, அதுவே பதில். கன் சொல்வது கலவையை, மாறியிருப்பது உள்ளமைப்பு. இது சிக்மா ஃபேஸ்.

310எஸ் சுமார் 600–900 டிகிரியில் நெடுநாள் கிடந்தால், கிரெயின் (உலோகத்தின் நுண்படிகம்) எல்லைகளில் இரும்பும் குரோமியமும் ஏறக்குறைய சமமாகச் சேர்ந்த, மிகக் கடினமான, நொறுங்கும் சேர்மம் படியும். நீங்கள் ஓட்டுவது அந்த வரம்பின் நடுவிலேயே. உலை ஓடும்போது தெரியாது, சூட்டில் ஓரளவு தாங்கும். ஆறியபின் அடி வாங்கினால்தான் உடையும். அதனால் உடைவது எப்போதும் ஷட்டவுனில்.

சிக்மா காந்தத்தில் ஒட்டாது, ஆக காந்த சோதனை இங்கே உதவாது. கடினத்தையும் நம்ப வேண்டாம்: அது கொஞ்சமே கூடும், அடி தாங்கும் திறனோ பல மடங்கு விழும்.

வெல்டு இப்போது வேண்டவே வேண்டாம். வெல்டு சுருங்கும் இழுப்பை இந்த பிளேட் தாங்காது, பக்கத்திலேயே கீறும்.

கரித்துண்டு:
ஒரு சந்தேகம். கார்பன் ஏறியிருந்தாலும் இப்படித்தான் உடையும் அல்லவா?

உலைக்களம்:
உடையும். கையடக்க எக்ஸ்ஆர்எஃப் கார்பனைக் காட்டாது என்பதால் நல்ல கேள்வி. பிரித்தறிய எளிய வழி: உடைந்த துண்டில் விரல் அகலத்துக்கு இரண்டு பட்டை அறுத்து, மேலே படிந்த ஆக்சைடு ஸ்கேலை கிரைண்டரில் எடுங்கள். ஒன்றை 1080 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து உடனே தண்ணீரில் போடுங்கள். இரண்டையும் வைஸில் மடியுங்கள். சூடாக்கியது மடிந்து, மற்றது உடைந்தால் சிக்மா. அந்த வெப்பத்தில் அது கரைந்துவிடும். இரண்டுமே உடைந்தால் கார்பனோ, கிரெயின் எல்லை வழியே இறங்கிய ஆக்சைடோ. அந்த டிரேயை ஸ்கிராப்பில் போடுங்கள்.

சம்மட்டி:
செய்து பார்த்தேன். சூடாக்கிய பட்டை 90 டிகிரி மடிந்தது, கீறல் இல்லை. மற்றது பாதி வளைவதற்குள் முறிந்தது.

உலைக்களம்:
அப்போ மீட்கலாம். முழு டிரேயையும் 1050–1100க்கு ஏற்றி, தொய்வை அந்தச் சூட்டிலேயே நிமிர்த்துங்கள். ஆரஞ்சு நிறம் மங்கிச் சிவப்புக்கு இறங்கினால் நிறுத்தி மறுபடி சூடேற்ற வேண்டும். நிமிர்ந்தபின் கடைசியாக ஒரு முறை 1080இல் ஒரு மணி நேரம், பிறகு வேகமாக ஆறவிடுங்கள். 6 மி.மீ. பிளேட்டுக்கு பலமான ஃபேன் காற்றும் போதும். தண்ணீரில் போட்டால் கோணும். ஆறிய நிலையில் தட்டி நேராக்கியதை அனீல் (இந்த 1080 சூடேற்றல்) பண்ணாமல் உலைக்குள் விடக்கூடாது, உள்ளே தங்கிய அழுத்தம் சிக்மாவை இன்னும் சீக்கிரம் வளர்க்கும்.

வெல்டு அதற்கப்புறம். முதலில் டை பெனிட்ரன்ட் (கீறலைக் காட்டும் சாயம்) போட்டுக் கீறல் முனைவரை தோண்டி எடுங்கள். 310 ஃபில்லர் (வெல்டு கம்பி), சின்ன பீட் (வெல்டு வரி), ஒரு பாஸுக்கும் அடுத்த பாஸுக்கும் இடையில் பிளேட் 150 டிகிரிக்குக் கீழே ஆற வேண்டும். இந்த ஃபில்லர் சூட்டில் கீறும் குணமுள்ளது. 309 வேண்டாம், அதிலுள்ள ஃபெரைட் (இரும்பின் இன்னொரு படிக அமைப்பு) இதே வெப்பத்தில் சிக்மாவாகும்.

கரித்துண்டு:
மறுபடி 800இல் ஓட்டினால் மறுபடி வருமே?

உலைக்களம்:
கண்டிப்பாக வரும். அடுத்த டிரேக்கு கிரேடை மாற்றுங்கள். 310எஸ் 1000க்கு மேல் ஓடும் உலைக்கு ஏற்றது. 800க்கு அதைப் போடுவது காசையும் கொடுத்து உடைசலையும் வாங்குவது. வெறும் காற்றில் இந்த வெப்பத்துக்கு 304எச் (குரோமியமும் நிக்கலும் குறைந்த ஸ்டெயின்லெஸ் கிரேடு) போதும். விட்டுவிட்டு சூடேறும் உலையிலும் 870 வரை தாங்கும். பளு அதிகம், தொய்வு வரவே கூடாது என்றால் 35% நிக்கல் உள்ள 330 கிரேடு. விலை கூடும், ஆனால் சிக்மா வராது.